எங்கள் குசினியில் கைதான் பேசியது

சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நான் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். சமைப்பவன் இல்லை, பரிமாறுபவனும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பவன். மேசையிலிருந்து வருகிற ஓடரை வாங்கிக் குசினிக்குச் சொல்ல வேண்டும், குசினியிலிருந்து வருகிற சாப்பாட்டுப் பீங்கானைச் சரிபார்த்து வெளியே அனுப்ப வேண்டும். இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குத்தான். பகல் முழுக்க அங்கே கத்திவிட்டு இங்கேயும் வந்து கத்துகிறீர்கள் என்பது என் மனைவியின் முறைப்பாடு. அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், போவதற்குத்தான் நேரமெடுக்கும்.

ஆனால் அந்தக் குசினியில் என் வாய்க்குப் பெரிதாக வேலை இருந்ததில்லை. புகையிழுக்கிற ஃபேன் ஒரு பக்கம் இரையும். கொத்து ரொட்டி தட்டுகிறவன் ஒரு பக்கம் தகரத்தை உடைப்பவன் மாதிரித் தட்டுவான். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஓயாத சத்தம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது, விழுந்தாலும் பாதிதான் விளங்கும். செஃப் சிங்களவர். கறிப் பகுதியில் மலைநாட்டுத் தமிழ்ப் பையன்கள். நான் கலேவெல முஸ்லிம். பரிமாறுகிறவர்கள் வெளியில் ஆங்கிலம் பேசிப் பேசி உள்ளே வந்தாலும் நாக்கு அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எல்லோரும் கையால் பேசினோம். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை, அதுவாக வளர்ந்தது.

செஃப்புக்கு அடையாளம் மீசை முறுக்குவது. எனக்குத் தலையில் தொப்பியைத் தட்டி வைப்பது. நான் தொப்பி போடுவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது மட்டும்தான், ஆனாலும் குசினிக்கு நான் வாரம் முழுக்கத் தொப்பி. வெள்ளைக்காரப் பயணிகள் என்றால் இரண்டு கன்னத்திலும் கிறீம் பூசிக்கொள்வது. உறைப்புக் குறைவு என்றால் நாக்கை நீட்டி விசிறிவிட்டுக் கையைத் தாழ்த்துவது. கறியில் கஜு, அதாவது முந்திரி, வேண்டாம் என்றால் சுட்டுவிரலைக் கஜுப்பருப்பைப் போல வளைத்து, மற்றக் கையால் அதை வெட்டுவது. பாதையில் யானை நிற்கிறது, வேன் பிந்தும் என்றால் கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிடுவது. நாளைக்கு என்றால் கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்து ஒரு தூக்கம் போட்டுக் காட்டுவது. இதைவிடத் தூரமான காலம் எதையும் பேசவேண்டிய தேவை அங்கே வரவில்லை.

இதில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்தவன் ஒரே ஆள். அவனுக்கு நாங்கள் வைத்த அடையாளம் தேங்காய் துருவுவது. சம்பலும் பருப்பும் கறிகளும் அவன் பொறுப்பு. பிறவியிலிருந்தே காது கேட்காது, வாயும் பேசாது. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அக்காவைக் கலேவெலவில் கட்டிக்கொடுத்தபோது அவளோடு வந்துவிட்டான். அக்கா புருஷன் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் இவன் உட்கார்ந்திருக்கிறான், எழுத்து ஏறவில்லை. காது கேளாதவர்களுக்கென்று இருக்கிற சைகை மொழியைப் படிக்க அவனை எங்கேயும் யாரும் அனுப்பவில்லை. வீட்டில் அக்காவோடு ஒரு கைப்பேச்சு, குசினியில் எங்களோடு ஒன்று, இந்த இரண்டும்தான் அவனுக்கிருந்த பேச்சு.

உடனே சாதுவான பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். புறம் பேசுவதில் அந்தக் குசினியில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எந்தப் பரிமாறுகிற பையன் எந்த வரவேற்புப் பெண்ணைப் பார்த்து நடக்கிறான் என்பது முதலில் அவன் கைக்குத்தான் வரும். கரம் போர்ட் விளையாட்டில் பச்சையாகக் கள்ளம் செய்வான். பொரித்த அப்பளம் தட்டுக்குப் போகுமுன் பாதி அவன் வயிற்றுக்குப் போய்விடும். ஏசலாம் என்று கிட்டப் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். கண்ணை மூடிவிட்டால் அவனுக்கு ஒன்றும் சொல்ல ஏலாது. நான் கோபத்தில் கொதித்துக்கொண்டு அவன் முன்னால் நிற்பேன், அவன் கண்ணை மூடியபடி தேங்காய் துருவுவான், முழுக் குசினியும் சிரிக்கும்.

அவனைக் கூப்பிட எனக்கொரு வழி இருந்தது. ஓடர் சொல்கிற என் இடத்திலிருந்து அவனுடைய வெட்டுப்பலகை வரைக்கும் ஒரே நீளமாக ஓர் இரும்பு மேசை ஓடியது. இந்த முனையில் நான் கைமுட்டியால் ஒரு குத்து விட்டால் அந்த முனையில் அவன் விரல்களுக்கு அதிர்வு போகும். உடனே தலையை நிமிர்த்துவான். நான் கையால் சொல்வேன், அவன் கையால் திருப்பிச் சொல்வான். வாயால் சொன்ன ஓடர்களில் பிழை வந்திருக்கிறது. அவனுக்குக் கையால் சொன்னதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன வருஷம் ஹோட்டல் கை மாறியது. புதிய நிர்வாகம் முதலில் கைவைத்தது குசினியில். சுவரை உடைத்துக் கண்ணாடி போட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் சமைப்பதைப் பார்க்க வேண்டுமாம். அதற்காக அடுப்புகளைத் திருப்பினார்கள். சமைக்கிறவர்களின் முகம் விருந்தாளிகளுக்கு, முதுகு எனக்கு. இரும்பு மேசையைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள், கல் பதித்த சின்னச் சின்ன மேசைகள் வந்தன. பார்க்க அழகுதான். முதல்நாள் பழக்கதோஷத்தில் ஒரு குத்து விட்டேன், கை வீங்கியதுதான் மிச்சம். அவன் திரும்பவே இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் சண்டை பிடிப்பது மாதிரித் தெரிகிறதாம். ஆகவே எல்லோருக்கும் காதுக்குள் வைக்கிற கருவியொன்று தந்தார்கள், சட்டையில் குத்த மைக்கும் தந்தார்கள். நான் மெதுவாகச் சொன்னால் போதும், எல்லோர் காதிலும் விழும். கேட்டவர்கள் கேட்டதற்கு அடையாளமாக ‘கொப்பி’ என்று சொல்ல வேண்டும். கருவிகளைப் பெட்டியோடு கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தபோது அவனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவருக்கு அவனைப் பற்றித் தெரியாது, தெரிந்த நாங்கள் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டோம். அவன் அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைப்பார்கள், அவன் கழற்றமாட்டான்.

வாசலில் கைரேகை இயந்திரம் வந்ததும் அப்போதுதான். காலையில் வரும்போது பெருவிரலை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம், சிவப்பு எரிந்தால் மறுபடி வைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வேறு, ‘ப்ளீஸ் ட்ரை எகெய்ன்’ என்று கெஞ்சும். தேங்காயும் தேசிக்காய்ப் புளியும் தின்றுவிட்ட அவனுடைய விரலில் ரேகை ஏது? பெரும்பாலும் அவனுக்குச் சிவப்புத்தான். காற்சட்டையில் துடைப்பான், வாயால் ஊதுவான், திரும்பத் திரும்ப வைப்பான். நாங்கள் பின்னால் நின்று புறுபுறுப்போம்.

அதன் பிறகு ஒருநாள் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஊழியர்கள் சாப்பிடுகிற அறையில் திரை கட்டி, மனிதர்கள் தொடர்புகொள்வது எப்படி வளர்ந்தது என்று படம் போட்டுக் காட்டினார்கள். நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த, ஊழியர் விஷயங்களைப் பார்க்கிற ஆளணி முகாமையாளர், மூக்குக்கண்ணாடி போட்ட இளம்பெண், எல்லோருக்கும் ‘மிஸ்’. முதல் படத்தில் தோல் உடுத்த மனிதன் கையை நீட்டி மானைக் காட்டிக்கொண்டிருந்தான். அடுத்ததில் வாயைத் திறந்தான். பிறகு பாறையில் கீறினான், ஓலையில் எழுதினான், தந்தி அடித்தான், கடைசியில் காதில் கருவியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். மிஸ் நன்றாகத்தான் பேசினார். கேட்பவனுக்கு விளங்கவில்லை என்றால் பிழை சொன்னவனிடம்தான் என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது.

அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் ரசித்தான். தோல் உடுத்த மனிதனைக் கண்டதும் என் தொடையில் தட்டி, அது செஃப் என்று மீசையை முறுக்கிக் காட்டினான். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மிஸ் என்னைப் பார்த்தார். நான் மகா ஒழுக்கமாகத் திரையைப் பார்த்தேன்.

வகுப்பின் முடிவில் எல்லோரையும் வட்ஸ்அப் குழுவொன்றில் சேர்த்தார்கள். இனி எல்லா அறிவித்தலும் அதில்தான். ஆனால் எந்த மொழியில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு விளங்காது, சிங்களத்தில் எழுதினால் எங்கள் பையன்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார்கள், தமிழில் எழுதினால் எங்களைத் தவிர ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். கடைசியில் எல்லோரும் பேசிப் பதிந்து அனுப்பத் தொடங்கினார்கள். குழு நிறையக் குரல். செஃப்பின் இருமல், மிஸ்ஸின் ஆங்கிலம் கலந்த சிங்களம், யாரோ வீட்டுச் சேவல்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. எது வந்தாலும் பெருவிரல் படத்தைப் போடுவது. கேட்டவனும் போட்டான், கேட்காதவனும் போட்டான். நானும் எங்களை வேலைக்கு ஏற்றி இறக்குகிற ஹோட்டல் வேனில் தூங்கி விழுந்துகொண்டே எத்தனையோ குரல்களுக்குப் பெருவிரல் போட்டிருக்கிறேன். எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் படித்தான். அவன் ஃபோனில் குரல் என்பது ஒரு நீளக் கோடு. கோடு வரும், எல்லோரும் பெருவிரல் போடுவார்கள், அவனும் போடுவான். தோட்டக்காரர் ஒருவரின் தாய் மௌத்தாகிவிட்டார், நாளைக்கு அடக்கம் என்ற செய்தியும் கோடாகத்தான் வந்தது. அவன் பெருவிரல் போட்டான். தோட்டக்காரர் அவனை அறிந்தவர், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மிஸ்தான் இது யார் என்று விசாரித்தார்.

கண்ணாடிக் குசினியில் அவன் மெல்ல மெல்லத் தனித்துப் போனான். அதுவரை அவனுடைய காதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போது யாரும் கையைத் தூக்குவதில்லை. தூக்கினாலும் முகங்கள் எதிர்ப்பக்கம். அவன் பக்கத்தில் நிற்கிறவனின் கைகளைப் பார்த்து ஓடரை ஊகிக்கத் தொடங்கினான். நான் ஓடர் சொல்லிவிட்டு, ஓடிப்போய் அவன் தோளைத் தட்டிக் கையாலும் சொல்லிவிட்டு, ஓடிவந்து பீங்கானைப் பார்ப்பேன். கூட்டம் குறைவான நாளில் இது நடக்கும். கூட்டமான நாளில் எப்படி நடக்கும்?

செஃப்பிடம் சொன்னேன். மேசையைத் திருப்பிப் போடுவோம், அவனை மட்டுமாவது என்னைப் பார்த்து நிற்க வைப்போம் என்றேன். அவருக்கும் அவன்மேல் பிரியம்தான். ஆனால் அடுப்பின் இடம் கொழும்பில் வரைந்த படத்தில் இருந்தது. அவர் இரண்டு கையையும் விரித்து, “மொனவா கரன்னத நானா?” என்றார். என்னத்தைச் செய்ய அண்ணன் என்று சிங்களத்தில் கேட்கிற அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

பயந்தது போலவே நடந்தது. ஒரு மத்தியானம், இரண்டு பஸ் நிறையப் பயணிகள். மூலை மேசையில் ஒரு பெண்ணுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியனுப்பினார்கள். நான் மைக்கில் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். கொப்பி, கொப்பி, கொப்பி என்று என் காதில் வரிசையாக விழுந்தது. அவனுடைய முதுகு எனக்கு எதிரே, அடுப்பின்மேல் குனிந்திருந்தது. நான் விரலை வளைத்து வெட்டி வெட்டிக் காட்டினேன். முதுகுக்குக் கண் இல்லை. போய்ச் சொல்லலாமென்று ஓர் அடி வைத்தேன், நாலு பீங்கான் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றது. அதை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது அந்தக் கறியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பின்னால் ஓடினேன். அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாள்.

உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது. கைப்பையில் மருந்து இருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். குசினியில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவன் ஒருவன்தான் என்ன நடந்தது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் விரலை வளைத்துக் காட்டினேன். அவன் முகம் செத்துப்போனது. காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், பிறகு அதை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

இரண்டு நாள் கழித்து மிஸ் என்னைக் கூப்பிட்டார். நல்ல பிள்ளை, முகத்தில் வருத்தம் தெரிந்தது. அவனை இனி வைத்திருக்க முடியாது என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது என்றார்.

“பாத்திரம் கழுவுற இடத்துல போடுங்க மிஸ். தோட்டத்துல போடுங்க. அவன் எந்த வேலையும் செய்வான்” என்றேன்.

“நானும் கேட்டன் நானா. எல்லா இடத்துலயும் கருவி கட்டாயம்னு சொல்றாங்க. நாளைக்கு நெருப்புப் பத்தினா அவருக்கு எப்படிக் கேக்கும்னு கேக்கிறாங்க.”

“முந்தி கேஸ் லீக் ஆனப்ப முதல்ல மணம் பிடிச்சவனே அவன்தான் மிஸ்.”

“எனக்கு விளங்குது நானா” என்றார். விளங்கியதுதான். ஆனால் அவருடைய கையிலும் ஒன்றும் இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு அங்கே ஆள் இல்லை, அழப்போகிற மாதிரி ஒரு பெண்பிள்ளைதான் இருந்தாள். மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கடிதம் பிறகு வீட்டுக்கு வரும், கைரேகையை நாளைக்கே இயந்திரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், இன்றைக்கே அவருக்கு விஷயத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள், உங்களுக்குத்தான் அவருடைய மொழி தெரியும் என்றார்.

எனக்குத் தெரிந்த மொழி என்ன மொழி? உப்புப் போதாது என்று சொல்ல வரும். யானை நிற்கிறது என்று சொல்ல வரும். ஒரு மனிதனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது?

முதலில் அவனுடைய அக்காவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். அவள் சொன்னால் வீட்டுக் கைப்பேச்சில் அவனுக்கு விளங்கும், அழுதாலும் வீட்டோடு அழுவான். ஆனால் அந்த வாரம் எல்கடுவவில் தோட்டத்துக் கோயில் தேர். அக்காவும் புருஷனும் பிள்ளைகளும் முதல்நாளே மலைக்குப் போய்விட்டார்கள். அங்கே லயத்துக்குள் ஃபோன் பிடிக்காது. நான் திரும்பத் திரும்ப எடுத்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்தை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் அழகாகச் சொன்னாள்.

தேருக்குத் தானும் போக வேண்டுமென்று அவன் அந்த வாரம் முழுக்க லீவு கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இடுப்பில் தப்பு அடிப்பதுபோல் அடித்து, அலகு குத்துவதைக் கன்னத்தில் காட்டி, செஃப்பின் பின்னாலேயே திரிந்தான். கூட்டமான வாரம், கிடைக்கவில்லை.

பின்னேரம் அவனைக் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். அவனைக் காட்டினேன். ஹோட்டலைக் காட்டினேன். வேண்டாம் என்று வெட்டினேன். அவன் கஜுவா என்று விரலை வளைத்துக் கேட்டான். ஆமாம், அதுதான். அவன் நெஞ்சில் கைவைத்து, தலை குனிந்தான். தெரியும், என் பிழை, இனி வராது என்கிறான். இல்லையடா, அது இல்லை. நான் மறுபடி தொடங்கினேன். கன்னத்தைக் கையில் சாய்த்தேன், நாளைக்கு. வேன் இல்லை, நீ இல்லை, தேங்காய் இல்லை. அவன் கண்கள் விரிந்தன. அதற்கு மறுநாளும் இல்லை என்று சொல்ல இன்னொருமுறை சாய்த்தேன். அதற்கும் மறுநாள். ஒருநாளும் இல்லை என்று சொல்ல எங்கள் கைகளில் ஒன்றும் கிடையாது, ஆகவே கண்ணை மூடிக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பாத்திரம் கழுவுகிற பையனைக் கூப்பிட்டு, தொப்பிக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று காட்டினான்.

நான் அவன் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அந்தப் பெருவிரலை எனக்குத் தெரியும். கோடு வரும்போதெல்லாம் குழுவில் அவன் போடுகிற பெருவிரல் அது. ஒன்றும் விளங்கவில்லை என்று எதிரே நிற்பவனின் மனதை நோகடிக்காமல் இருக்க எங்களிடம் அவன் படித்தது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேனில் போகும்போது அவன் தூங்கிவிட்டான். நான் அவனைத் தட்டி எழுப்பவில்லை, எழுப்பி எதைச் சொல்வது?

மறுநாள் காலை அவன், வழக்கமாக வேன் ஏறுகிற தரிப்பிடத்தில் இல்லை. வேன் நிற்காமல் போனது. ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் பெரிய துக்கம். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். விளங்காத மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள் விளங்கியிருக்கிறான், வீட்டில் தனியாகக் கிடந்து அழுதிருக்கிறான், நான் அவனுக்குப் பக்கத்தில் இல்லையே என்று நினைத்தேன். மிஸ் குசினி வாசலில் என்னைக் கண்டு, “கஷ்டமான விஷயம், நல்லா சொல்லியிருக்கிறீங்க நானா. நன்றி” என்றார். நான் தலையாட்டினேன். அவனுடைய இடத்தில் புதுப் பையன் ஒருவன் காதில் கருவியோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னாலும் கொப்பி என்றான்.

அதற்கு மறுநாள் காலை வேன் வளைவில் திரும்பியபோது அவன் தரிப்பிடத்தில் நின்றான்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் இரண்டு பை. சாரதி பழக்கத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டார், போட்ட பிறகுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நானா, சொல்லியாச்சுன்னு சொன்னாங்களே?” என்று சிங்களத்தில் கேட்டார். கதவு திறந்தது. அவன் ஏறி வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாளைக்கு நீ இல்லை என்று நான் காட்டினேனே, தேருக்கு அந்த லீவை வாங்கித் தந்ததற்கு நன்றியாம். ஒரு பையிலிருந்து கோயில் பொங்கலை எடுத்து வேன் முழுக்கக் கொடுத்தான். கோயில் சாப்பாடு எனக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே எனக்கென்று மற்றப் பையில் தோட்டத்து ஆனைக்கொய்யா கொண்டுவந்திருந்தான், பழுத்ததை மேலே வைத்து. பிறகு கதை சொல்லத் தொடங்கினான். தப்பு அடித்தார்கள். தேர் மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது, இவனும் கயிற்றைப் பிடித்து இழுத்தான், உள்ளங்கை இதோ பார். அக்காவின் சின்னவள் தேர் வருமுன்னே தூங்கிவிட்டாள். அவன் கைகள் பறந்துகொண்டிருந்தன. வேனில் இருந்த எல்லோரும் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தார்கள். நான் ஆனைக்கொய்யாப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் சொல்ல வேண்டியிருக்கும், சொல்ல என்னிடம் கையும் இல்லை. யா அல்லாஹ், பாதையில் யானையாவது நிற்கக்கூடாதா என்று நினைத்தேன். பாதை வெறுமையாகக் கிடந்தது.

வாசலில் வழக்கம்போல வரிசை. காவலாளி அவனைக் கண்டதும் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவனுடைய முறை வந்தது. பெருவிரலை வைத்தான். சிவப்பு. ப்ளீஸ் ட்ரை எகெய்ன் என்றது இயந்திரம். அவன் விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சிவப்பு. இந்தமுறை வரிசையில் யாரும் புறுபுறுக்கவில்லை. எல்லோரும் தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டு, தன்னால்தான் பிந்துகிறது என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினான். பிறகு விரலை வாயருகே கொண்டுபோய் நன்றாக ஊதி, மறுபடியும் வைத்தான்.